நெஞ்சு அமுக்கும் வகுப்பு

எங்கள் பக்கத்தில் பயிற்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. கை கழுவப் பயிற்சி, குப்பை பிரிக்கப் பயிற்சி, வீட்டுத்தோட்டம் போடப் பயிற்சி, கோபத்தை அடக்கப் பயிற்சி. தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்தி முதுகு வளைந்தவர்களுக்கு மண்ணைக் கொத்துவது எப்படி என்று ஒரு தம்பி சுவரில் படம் போட்டுக் காட்டினார். எல்லாரும் பொறுமையாகப் பார்த்தோம். எந்தப் பயிற்சி என்றாலும் ஒரு பேனர், ஒரு பைல் கவர், மத்தியானம் ஒரு சோற்றுப் பார்சல், கடைசியில் கூட்டமாக நின்று ஒரு போட்டோ உண்டு. நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற இடம் அது. அதனால் எந்த அழைப்பு வந்தாலும், "டீச்சர் இருக்காங்கதானே, அவங்க போகட்டும்" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். கோபத்தை அடக்கும் பயிற்சிக்கும் என்னைத்தான் அனுப்பினார்கள். ஒரு பலனும் இல்லை.

முதலுதவிப் பயிற்சிக்கும் அப்படித்தான் போனேன். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு மழை பலத்தால் எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, குடியிருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால் இருக்கிற மலையைத்தான் பார்ப்பார்கள். தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவருக்காவது முதலுதவி தெரிந்திருக்க வேண்டும் என்று மேலே யாரோ முடிவெடுத்திருந்தார்கள். நல்ல முடிவுதான். பெரகல சந்தியிலிருந்து எங்கள் டிவிசனுக்கு ஏறி வரும் பாதையைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆம்புலன்ஸ் அந்தக் குழிகளில் இறங்கி ஏறி வருவதற்குள் நோயாளிக்குத் தானாகவே குணமாகியிருக்கும், அல்லது குணம் தேவைப்படாத நிலைக்குப் போயிருப்பார்.

வகுப்பு பதுளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆசிரியர்கள், திரீவீல் ஓட்டுகிறவர்கள், கடைக்காரர்கள், ஒரு பொலிஸ்காரர் என்று பலதரப்பட்ட ஆட்கள். படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் பல வருஷமாகத் தாதியாக வேலை செய்கிறார். யாரையும் 'வாங்கோ, இருங்கோ' என்றுதான் பேசுவார், பயிற்சிக்குக் கொண்டுவந்த பொம்மையைக்கூட. அந்தப் பொம்மையை அவர் ஒரு பையிலிருந்து எடுத்துப் பாயில் படுக்க வைத்தபோது மண்டபம் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. தலையும் நெஞ்சும் மட்டும்தான் இருந்தது. கை இல்லை, இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வாய் மட்டும் ஆவென்று திறந்திருந்தது.

"இவர் விழுந்து கிடக்கிறார். முதல்ல என்ன செய்வீங்கள்?" என்று கேட்டார்.

"மிச்சத்தைத் தேடுவோம்," என்றார் பொலிஸ்காரர்.

எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர். நெஞ்சை அமுக்கும் வரைக்கும் எங்களுக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. வாயில் வாய் வைத்து ஊதும் கட்டம் வந்ததும் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தோம். எங்களுக்கு முன்னால் திரீவீல்காரர்கள் எல்லாரும் வெற்றிலை போட்ட வாயோடு அந்தப் பொம்மையை ஊதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நீங்க முதல்ல ஊதுங்க டீச்சர். பொம்புளையளுக்குத்தான் முதல் இடம்," என்றார் முதலாளி.

"ஐயோ, பெரியவங்க இருக்கும்போது நான் எப்பிடிங்க?" என்றேன் நான்.

தாதி ஐயா ஸ்பிரிட் போட்டுப் பொம்மையின் வாயைத் துடைத்துக் காட்டினார். எங்களுக்கு மனம் வரவில்லை. எச்சில் என்பது துடைத்தால் போகிற விஷயமா? கடைசியில் அவர் மனமிரங்கி, ஊதத் தயக்கம் என்றால் விட்டுவிடலாம், நெஞ்சை மட்டும் நிறுத்தாமல் அமுக்கினாலும் பெரிய உதவிதான் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் முதலாளிக்கும் எனக்கும் இவ்வளவு மரியாதை தேவைப்பட்டிருக்காது. பிறகு முழங்கையை மடக்காமல், நெஞ்சின் நடுவில், ஆழமாக, வேகமாக, சத்தமாக எண்ணிக்கொண்டே அமுக்கச் சொன்னார். முடிவில் ஒன்று சொன்னார்: "சில நேரம் எலும்பு முறியும். பயந்து நிப்பாட்டிப் போடாதேங்கோ." எல்லாரும் தலையாட்டினோம். பசி நேரம்.

சான்றிதழ் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். பொம்மையை நடுவில் வைத்து எடுத்ததால் ஏதோ சாவு வீட்டுப் படம் போலவே வந்தது.

அடுத்த கட்டம், பொம்மையை இரவல் வாங்கிப்போய் நான் எங்கள் டிவிசனில் வகுப்பு நடத்த வேண்டும். எங்கள் சங்கத் தலைவர் கோயில் ஸ்பீக்கரில் அறிவித்தார்: "நாளை மாலை கோயில் மண்டபத்தில் நெஞ்சு அமுக்கும் வகுப்பு. அனைவரும் தவறாமல் வந்து அமுக்கிப் பயனடையவும்." அமுக்குவது என்றால் எங்கள் ஊரில் பொதுப் பணத்தைக் கமுக்கமாக விழுங்குவதற்கும் அதே சொல்தான். "அந்த வகுப்புல தலைவரு எப்பவோ பாஸ் பண்ணிட்டாரே" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பேசிக்கொண்டார்கள். எப்படியோ, கூட்டம் வந்தது.

இந்த இடத்தில் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தத்தில் மதினி இல்லை. பக்கத்து லயத்திலிருந்த அவருடைய புருசனை நான் அண்ணே என்று கூப்பிடுவேன், அந்த வகையில் மதினி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மலையில் கொழுந்துக் கூடை சுமந்த தோள், இன்னும் யாருக்கும் தாழாத வாய். எங்கள் டிவிசனில் ஒப்பாரிக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. ஒப்பாரி என்றால் வெறும் அழுகை என்று நினைக்கக் கூடாது, அது எங்களுடைய நீதிமன்றம். செத்தவரைப் புகழ்வது பாதி, உயிரோடு இருப்பவர்களை நாறடிப்பது மீதி. மாமியாருக்குச் சோறு போடாத ஒருத்தியை மதினி ஒரு சாவு வீட்டில் பாட்டுக்குள் இழுத்தார். அவள் மொனராகலைப் பக்கம் குடிபோய்விட்டாள். அந்த அடிகள் மட்டும் இங்கேயே தங்கி, அடுத்தடுத்த சாவுகளில் பாடப்பட்டுக்கொண்டிருந்தன.

வகுப்பில் நான் பொம்மையைப் பாயில் கிடத்தி, "இவருக்குப் பேச்சு இல்ல, மூச்சு இல்ல. இப்ப என்னா செய்யணும்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எங்கள் பெண்களுக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும். மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பொம்மையின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"கையும் இல்லாம வந்தீங்களே – எஞ்சாமி
காலும் இல்லாமப் போறீங்களே
வாயத் தொறந்து வச்சீங்களே – எஞ்சாமி
ஒரு வாய்த் தேத்தண்ணி கேக்கலையே!"

மற்றப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடிக்க ஆரம்பித்தார்கள். நெஞ்சில் கை வைக்கச் சொன்னேன், வைத்தார்கள். பொம்மையின் நெஞ்சில் இல்லை, அவரவர் நெஞ்சில். மண்டபமே உருண்டு சிரித்தது. வாசலில் நின்ற அண்ணன், "இந்தப் பொம்மைக்கே இப்பிடிப் பாடுறாளே, எனக்கு என்னா பாடுவாளோ!" என்றார். நானும் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். அன்றைக்கு ஒழுங்காக அமுக்கிப் பழகியவர் திரீவீல் ஓட்டும் தம்பி ஒருவர்தான். அதுவும் மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்ற சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் நேரம். விறகு பிளந்துவிட்டு வந்த அண்ணன் இஸ்தோப்பில், அதாவது லயத்து வீட்டின் முன் தாழ்வாரத்தில், உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டிருக்கிறார். மதினி கோப்பையோடு வந்தபோது அவர் சரிந்து கிடந்தார்.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். அதற்குள் பாதி லயம் கூடிவிட்டது. ஒருவர் முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருத்தி வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்து மூடிக்கொண்டிருந்தாள். தலைவர் சோடாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். எல்லாம் இருந்தது, காற்றுக்குத்தான் வழியில்லை. எல்லாரையும் தள்ளிவிட்டு அவர் தோளைத் தட்டிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மூச்சும் இல்லை. திரீவீல் தம்பியிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, மண்டியிட்டு அண்ணனுடைய நெஞ்சில் கையை வைத்தேன். பொம்மை மாதிரி இல்லை. சட்டைக்குள் சூடு இருந்தது.

நான் அமுக்க ஆரம்பித்தேன். மதினி பாட ஆரம்பித்தார்.

"கேட்ட தேத்தண்ணி ஆறலையே – எஞ்சாமி
கேட்ட வாயி மூடிருச்சே..."

எங்கள் ஊரில் பாட்டு எழும்பினால் ஆள் செத்தாச்சு என்று அர்த்தம். டாக்டர் சொல்வதெல்லாம் அதற்கப்புறம். அந்த நிமிஷமே கூட்டம் வேலையைப் பிரித்துக்கொண்டது. ஒருவர் கிடத்துவதற்குப் பெஞ்ச் தேடிப் போனார். இன்னொருவர் தப்படிக்க ஆள் சொல்லிவிடட்டுமா என்று தலைவரைக் கேட்டார். நான் ஒரு மனிதனுடைய உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேர்த்து ஒழுக, அவர்கள் அவருக்குப் பெஞ்ச் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பொணத்தப் போட்டு ஏங்க டீச்சர் இப்பிடி வதைக்கிறீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "மதினி, வாய மூடுங்க! அவரு இன்னும் சாகல!" என்று கத்தினேன். பாட்டுக்கு நடுவில் மதினியை யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் நிறுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார். நான் இன்னும் பலமாக அமுக்கினேன். அப்போது என் கைக்குக் கீழே மளுக்கென்று ஒரு சத்தம். அண்ணனுடைய நெஞ்செலும்பு. இஸ்தோப்பில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

பாட்டு நின்றுவிட்டது.

தாதி ஐயா சொன்னது ஞாபகம் வந்தது, கையை எடுக்கவில்லை. தோள் விட்டுப்போன பிறகு திரீவீல் தம்பி மாறினார், அவருக்குப் பிறகு திரும்பவும் நான். ஒருவழியாக ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் என்னிடமிருந்து அண்ணனை வாங்கிக்கொண்டு அவர்களும் அமுக்கினார்கள். சாயந்திரம் அவர் பெட்டியில் திரும்பி வந்தார்.

அன்றைக்கே கதை கிளம்பிவிட்டது. மேல் லயத்தில் டீச்சர் எலும்பை உடைத்ததால்தான் ஆள் போனார் என்றார்கள். கீழ் லயத்தில் நான் அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்ததாகச் சொன்னார்கள். கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் மிதித்தே கொன்றிருந்தேன். அத்தனை பேரும் கண்ணால் பார்த்த சாட்சிகள், அதில் பாதிப் பேர் அன்றைக்கு ஹப்புத்தளைச் சந்தையில் இருந்தவர்கள். இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது எனக்குப் பயமாக இருந்தது. ஊர் சொல்வதற்காக இல்லை. ராத்திரி படுத்தால் அந்த மளுக் கையில் கேட்டது. ஒருவேளை உண்மையிலேயே நான்தான் கொன்றுவிட்டேனோ? அதைவிட, மதினி அப்படி நினைக்கிறாரோ? அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரிந்துகொள்ள ஒரே வழி சாவு வீடுதான். போகாதே என்றார் என் புருசன். போனேன். நான் உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பெண்கள் பாயில் கொஞ்சம் நகர்ந்தார்கள். மதினி பாடிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் அப்படி ஒரு ஒப்பாரியைக் கேட்டதில்லை. கொழும்பிலிருந்து பிந்தி வந்த மகனை வெளுத்தார். பாதை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வாக்கு வாங்கிக்கொண்டு போனவர்களைத் துவைத்துக் காயப்போட்டார். சோடாவுக்கு ஆள் அனுப்பிய தலைவருக்கு அங்கேயே முகம் செத்துவிட்டது. பட்டியலில் அடுத்தது நான்தான் என்று கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தேன். திட்டட்டும், திட்டி முடிந்தால் தீர்ப்பாவது தெரியும். மதினியுடைய கண் என்மேல் வந்தது, நின்றது, தாண்டிப் போனது. பெட்டி மூடும் வரைக்கும் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மதினி மன்னித்தவர்களைக்கூடப் பாட்டில் வைப்பார். பாட்டிலேயே வைக்கவில்லை என்றால் அது எந்தக் கணக்கு?

கருமாதி முடிந்தது. மதினி வெளியே வருவதில்லை, வந்தாலும் என் பக்கம் திரும்புவதில்லை. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஒன்று மல்லாந்து படுக்கும், இன்னொன்று நெஞ்சில் கை வைத்து அமுக்கும். "நான் டீச்சரு, நீ செத்துட்ட!" என்று கத்தும். தாய்மார் வந்து கூட்டிப்போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் சிரிப்பை அடக்குவார்கள். ஒரு நாள் பால்மா டின்கள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பால் கரைத்தேன்.

இந்த நிலைமையில் தாதி ஐயா போன் பண்ணி, உங்கள் டிவிசனில் இன்னொரு வகுப்பு வைக்கலாமா என்று கேட்டு, தானே வருவதாகச் சொன்னார். வந்தால் நாற்காலிகளுக்குத்தான் படிப்பிக்க வேண்டியிருக்கும் என்றேன். "பரவாயில்லை, கதிரையள் குழப்படி செய்யாது," என்றார் மனிதர். புதிதாக வந்த ஒரு பொம்மையோடு பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்தார். சொன்னபடியே மண்டபத்தில் ஆள் இல்லை. திரீவீல் தம்பி, தலைவர், வேறு வேலை இல்லாத நாலைந்து பேர். தலைவரும் பேனர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

ஐயா பொம்மையைக் கிடத்திக்கொண்டிருந்தபோது மதினி உள்ளே வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, கையில் வளையல் இல்லை. அவர் வந்ததும் பின்னாலேயே வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வகுப்புக்கு வராத ஊர், சண்டை என்றால் வந்துவிடும். சாவு வீட்டில் பாடாமல் விட்டதை இங்கே பாடத்தான் வந்திருக்கிறார் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன்.

"தள்ளு டீச்சரு," என்றார். நான் தள்ளினேன். பொம்மைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "கைய எங்க வைக்கணும்?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் மதினியுடைய கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்து, முழங்கையை நிமிர்த்திவிட்டேன். அவர் அமுக்கினார். தொட்டுப் பார்க்கிற மாதிரித்தான் இருந்தது.

"பத்தாது மதினி. இன்னும் ஆழமா."

மதினி மூச்சை இழுத்துக்கொண்டு, கூடை சுமந்த அந்தத் தோளின் பலம் முழுவதையும் இறக்கினார். பொம்மைக்குள்ளிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது.

"ஒடைஞ்சிருச்சா?"

"இல்ல மதினி. இந்தப் பொம்மை அப்பிடித்தான். சரியா அமுக்கினாத்தான் அந்தச் சத்தம் வரும். வரலன்னாதான் பிழை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பொம்மையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னைக்கு அவருகிட்ட கேட்ட சத்தம்?"

தாதி ஐயா தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "சரியா அமத்தினாலும் எலும்பு முறியும் அம்மா. உங்கட மனுசனை இந்தப் பிள்ளை காப்பாத்தத்தான் பாத்தவ," என்றார்.

மதினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு இரண்டு கையையும் திரும்பவும் பொம்மையின் நெஞ்சில், நான் காட்டிய அதே இடத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எண்ணு டீச்சரு," என்றார்.